சுவரும் சித்திரமும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம்மவர் வாயில் நாள்தோறும் வழங்கும் பழமொழி. உடம்பைப் பேணாது உழைக்கிறவனை எச்சரிக்கவே அதனைப் பெரும்பாலும் எடுத்தாளுகிறோம். இக்கட்டுரையிலோ அதன் சொற்களை உள்ளபடியே கொள்ள விரும்புகிறோம். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் சித்திரம் பயிலும் ஒரு வாலிபனுக்கு வண்ணம் கிடைக்கிறது, தூரிகை கிடைக்கிறது, கற்பிக்க ஆசிரியரும் கிடைக்கிறார். கற்றதைச் செய்து காட்டுவதற்கு ஒரு சுவரோ, ஓர் அறையோ, நான்கு நாட்களுக்கு ஒரு கூடமோ வேண்டுமென்று புறப்படும்போதுதான் அவனுடைய உண்மையான பரீட்சை தொடங்குகிறது. அப்பரீட்சைக்கு எந்தக் கலாசாலையிலும் பாடம் இல்லை.

இலக்கியப் பகுதியில் வழக்கமாக அச்சேறிய நூலையோ, அரங்கேறிய நாடகத்தையோ, மாட்டி வைத்த படத்தையோ எடுத்து ஆராய்வார்கள். நாம் இன்று ஆராயப் புகுவது அவை எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதப்படும் ஓர் எழுத்தை; அதாவது, இடம் கேட்டு எழுதும் விண்ணப்பத்தை. இதுவும் இலக்கியமா என்று வாசகர்கள் நகைக்கலாம். ஒரு மனிதன் தன் எண்ணத்தை மற்றொரு மனிதன் ஏற்கும்படி சொற்களில் வைப்பது இலக்கியமாயின், விண்ணப்பமும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. மேலும், தோட்ட ஆபீசில் பேனா பிடித்துப் பிழைக்கும் கிராணிகளாகிய நாம் இந்த ஓர் இலக்கிய வகையையாவது ஓரளவு அறிந்தவர்கள். ஒரு காகிதம் ஒரு மேசையினின்று மற்றொரு மேசைக்குப் போக எத்தனை நாள் ஆகும், எந்தச் சொல் அதனை விரைந்து நடக்கச் செய்யும், எந்தச் சொல் அதனை மேசை அறையிலே உறங்கச் செய்யும் என்பதெல்லாம் நமக்கு அன்றாட அனுபவம்.

முதலில் அரசாங்கமே நடத்தும் சித்திரசாலையின் வரலாற்றைப் பார்ப்போம். மலாயா சுதந்திரம் பெற்ற மறு ஆண்டாகிய 1958-இல், ஆகஸ்டு மாதத்தில், தேசியச் சித்திரசாலை திறக்கப்பட்டது. அம்பாங் சாலையில் துங்கு அப்துல் ரஹ்மான் பெயரால் விளங்கிய மண்டபமே அதற்கு இருப்பிடம். தொடக்கத்தில் அதன் உடைமை 4 படங்கள்தாம். அடுத்த ஆண்டு செப்டம்பரில் நாட்டின் முதல் மக்களவை கூடியதும் அதே மண்டபத்தில்தான். 1984-இல் சித்திரசாலை ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள மெஜஸ்டிக் ஹோட்டல் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. அது 1932-இல் விருந்தினர் தங்குவதற்கென எழுந்த கட்டடம். படம் மாட்டுவதற்கென எழுந்ததன்று. 1998-இல்தான் துன் ரசாக் சாலைக்கு அருகே, தெமெர்லோ சாலையில், சித்திரத்துக்கென்றே கட்டிய சொந்த வீட்டில் அது குடிபுகுந்தது. அது விட்டுச் சென்ற பழைய கட்டடம் 2012-இல் மறுபடியும் ஹோட்டலாகவே திறக்கப்பட்டது. அரசாங்கத்தின் சொந்தச் சித்திரசாலைக்கே தனி வீடு கிடைக்க 40 ஆண்டுகள் சென்றனவென்றால், கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருக்கும் மாணவன் ஒரு சுவருக்காக 4 மாதம் அலைவதில் என்ன வியப்பு?

அரசாங்கத்துக்கு வெளியே நின்ற கலைஞர்களின் கதை இன்னும் படிப்பினை உடையது. 1974-இல் லத்தீப் மொஹிதீன் முதலியோர் கூடி 'அனாக் ஆலாம்', அதாவது 'இயற்கையின் மக்கள்', என்னும் குழுவைத் தோற்றுவித்தனர். துன் இஸ்மாயில் சாலையில் 905-ஆம் எண்ணுள்ள வீடு அவர்களுக்குப் பட்டறையும் மேடையும் சபையுமாயிற்று. சித்திரக்காரரும் கவிஞரும் நடிகரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். 1977-இல் இளமையிலே மறைந்த சுல்கிப்லி டஹ்லான் என்னும் அரிய சித்திரக்காரரும் அவர்களுள் ஒருவர். ஒரு வீடு இருந்ததனால் ஒரு தலைமுறை ஒன்றையொன்று கண்டு பேச முடிந்தது என்பதை நாம் இங்கே கவனிக்க வேண்டும். நாடகத்தாருக்கு நேர்ந்தது வேறு. மெர்டேக்கா சதுக்கத்தின் கீழே, நிலவறையில், ஆக்டர்ஸ் ஸ்டூடியோ என்னும் அரங்கம் 1995 முதல் நடந்து வந்தது. 2003 ஜூன் மாதத்தில் நகரத்தைத் தாக்கிய வெள்ளம் அதனை ஒரே நாளில் அழித்துவிட்டது. மேலே இடம் கிடைக்காதவர்கள் கீழே போனார்கள். கீழே தண்ணீர் வந்தது. பின்னர் 2005-இல் செந்தூலில், பழைய ரயில்வே கட்டடம் ஒன்றைப் புதுப்பித்து, அரங்கம் ஒன்று எழுந்தது. 2004-இல் தோன்றிய 'லாஸ்ட் ஜெனரேஷன்' என்னும் இளைஞர் குழுவோ பின்னர்ப் பங்கோங் சாலையில் ஒரு கடைவீட்டு மாடியைப் பிடித்தது. 2011-இல் பூமிக்கடியில் ரயில் விடுவதற்காக அருகிலுள்ள சுல்தான் சாலையின் பழைய கடைகளை எடுத்துக்கொள்ள முயன்றபோது, அவ்விளைஞர்கள் குடியிருப்போருடன் சேர்ந்து நின்றனர். தமக்கு இடம் தேடப் போனவர்கள் பிறர் இடத்தைக் காக்க நின்றது பாராட்டத் தக்கது.

இவற்றினின்று தெரிவது யாது? இந்நகரில் கலைக்குக் கிடைத்த இடங்களிற் பல மற்றொன்றுக்காகக் கட்டி, அதற்கு வேண்டாமற்போன இடங்கள். கூட்டம் கூடும் மண்டபம், மூடிய ஹோட்டல், பழைய ரயில்வே கட்டடம், கடைவீட்டு மாடி. இவற்றுடன், இடிபடவிருந்து மக்கள் முறையீட்டால் தப்பி 1986-இல் கைவினைக் கூடமாக மாறிய சென்ட்ரல் மார்க்கெட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். மிஞ்சியதைக் கொடுப்பது தவறன்று. ஆனால் மிஞ்சியது எது, அதனை யாரிடம் கேட்பது, எத்தனை நாளில் விடை வரும் என்பவற்றை ஒரு மாணவன் எங்கே சென்று தெரிந்துகொள்வான்? அங்கேதான் விண்ணப்பம் வருகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கு பார்ப்பதற்கு ஒரே ஊர். ஒரு வீட்டுக் கூரையும் அடுத்த வீட்டுக் கூரையும் கோலாலம்பூர் முதல் கிள்ளான் வரை தொட்டுக்கொண்டே போகின்றன. சட்டத்துக்கோ அது பல ஊர். 1974 பிப்ரவரி 1-ஆம் நாள் கோலாலம்பூர் சிலாங்கூரினின்று பிரிந்து கூட்டரசுப் பிரதேசமாயிற்று. அங்கே நாடகத்துக்கும் இசைக்கும் 1992-ஆம் ஆண்டின் கேளிக்கைச் சட்டம். எல்லையைத் தாண்டிச் சிலாங்கூருக்குள் வந்தால் 1995-ஆம் ஆண்டின் வேறொரு கேளிக்கைச் சட்டம். அங்கே கோலாலம்பூர் மாநகர் மன்றம். இங்கே பெட்டாலிங் ஜெயாவுக்கு ஒரு மன்றம், ஷா ஆலாமுக்கு ஒரு மன்றம், 2024-இல் மாநகரான கிள்ளானுக்கு ஒரு மன்றம். பிரிக்பீல்ட்ஸில் நடத்திய ஒரு காட்சியை மறுவாரம் கிள்ளானில் நடத்த விரும்பும் மாணவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கட்டடச் சொந்தக்காரர் கடிதம், இடத்தின் வரைபடம், தீயணைப்பு இலாகாவின் கடிதம், போலீஸின் கடிதம் என்று ஒன்று மற்றொன்றைக் கேட்கும். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. கூட்டம் சேரும் இடத்தில் தீப்பிடித்தால் வெளியே போக வழி இருக்கிறதா என்று கேட்பது மனித உயிரை மதிப்பதாகும். நாம் குறை சொல்வது கேள்விகளின் எண்ணிக்கையைப் பற்றியன்று; அக்கேள்விகள் எழுதுகிறவன் கையையும் கருத்தையும் என்ன செய்கின்றன என்பதைப் பற்றியே.

சட்டம் வைத்த பெயரையே பாருங்கள்: கேளிக்கை. ஒரு தாயின் துயரத்தை நடித்துக் காட்டினாலும் அது கேளிக்கை. விண்ணப்பத்தில் நோக்கம் என்னவென்று எழுத ஓரிரு வரிக்கு இடம் இருக்கும். மாணவன் என்ன எழுதுவான்? உள்ளத்தில் இருப்பதை எழுதினால் உத்தியோகஸ்தர் மிரளுவார் என்று அஞ்சி, 'நகரத்தை அழகுபடுத்தல்', 'சுற்றுலாப் பயணிகளைக் கவர்தல்', 'இன ஒற்றுமையை வளர்த்தல்' என்று எழுதுகிறான். இவை நல்ல நோக்கங்களே. ஆனால் அனுமதி கிடைத்த பிறகு, எழுதியதற்கு மாறாக வரைந்தால் வம்பு வருமென்று, எழுதியதையே வரைந்துவிடுகிறான். ஆகவே சுவரில் நாம் காண்பது அவன் சித்திரமன்று. அவன் விண்ணப்பத்துக்கு வண்ணம் பூசிய பிரதி. தலைநகரிலும் சுற்றுப்புறத்திலும் பல சுவர்ச் சித்திரங்கள் ஒன்றன் முகத்தை ஒன்று ஒத்திருப்பதற்கு, அதே செம்பருத்தியும் அதே பழைய மிதிவண்டியும் அதே சிரிக்கும் குழந்தையும் திரும்பத் திரும்ப வருவதற்கு, திறமைக் குறைவு காரணமன்று என்பது நம் துணிபு. அவை ஒரே பாரத்தை நிரப்பியவர்களின் படைப்புக்கள்.

நிர்மலா சண்முகலிங்கம் என்னும் ஓவியரை வாசகர்களிற் சிலர் அறிந்திருக்கலாம். பினாங்கில் பிறந்து 2016-இல் மறைந்தவர். சுற்றுப்புறக் கேட்டையும் போரின் கொடுமையையும் பத்திரிகைப் புகைப்படங்களைக் கொண்டே எடுத்துக்காட்டியவர். குப்பையைச் சுட்டிக் காட்டும் சித்திரத்தை 'நகரத்தை அழகுபடுத்தல்' என்னும் வரியில் எவ்வாறு எழுதுவது? அவ்வரியில் அடங்காத சித்திரம் பிறக்கவே பிறக்காது என்றால், நட்டம் சித்திரக்காரனுக்கு மட்டுமன்று. குப்பையின் நடுவே வாழ்கிற மக்களுக்கும் தான்.

அனுமதியின் கண் எதைப் பார்க்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். எர்னெஸ்ட் ஸச்சாரெவிச் என்னும் ஐரோப்பிய இளைஞர் 2012-இல் பினாங்கு ஜார்ஜ் டவுனில் வரைந்த சுவர்ச் சித்திரங்களைக் காண இன்றும் கூட்டம் கூட்டமாக மக்கள் செல்கின்றனர். மறு ஆண்டு, 2013 நவம்பரில், அதே கைகள் ஜொகூர் பாருவில் ஒரு தெருமுனையில், கைப்பையுடன் வரும் பொம்மைப் பெண்ணையும், மூலைக்கு அப்பால் கத்தியுடன் காத்திருக்கும் பொம்மைத் திருடனையும் வரைந்தன. நகர மன்றம் சில நாட்களுக்குள் அதன்மேல் வெள்ளையடித்துவிட்டது. திறமை ஒன்றே, கை ஒன்றே. ஒன்று ஊரைப் புகழ்ந்தது, மற்றொன்று ஊரின் பயத்தைச் சொல்லிற்று. இடம் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு 2020 பிப்ரவரியில் நடந்ததும் சான்று. தேசியச் சித்திரசாலையிலே நடந்துகொண்டிருந்த அஹ்மத் புவாட் ஒஸ்மானின் காட்சியினின்று 4 படைப்புக்கள் இடைநடுவே அகற்றப்பட்டன. முறையாக அழைத்து மாட்டியவற்றுக்கே இக்கதி!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1895-இல் கட்டி முடிந்த புடு சிறைச்சாலையின் வெளிச்சுவரில் நீண்டு கிடந்த சித்திரத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதனை எழுதியவர் அங்கிருந்த ஒரு கைதி. உலகிலேயே மிக நீண்ட சுவர்ச் சித்திரங்களுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. 2010 ஜூன் மாதத்தில் சாலையை அகலப்படுத்துவதற்காக அச்சுவர் இடிபட்டது. நகரத்தின் மிகப் பெரிய சுவர் ஒரு சித்திரக்காரனுக்குக் கிடைக்க அவன் சிறைக்குள் இருக்க வேண்டியதாயிற்று. வெளியே இருப்பவனுக்கு அத்தனை பெரிய சுவரை யார் கொடுப்பார்?

நிற்க. இவ்வளவும் சொன்னதனால், பாரங்களையெல்லாம் கிழித்தெறிய வேண்டுமென்று நாம் வாதிப்பதாக எவரும் கொள்ள வேண்டாம். பாரம் இல்லாத காலத்தை நம் தோட்டங்கள் கண்டிருக்கின்றன. பொன்னர் சங்கர் கதையோ அரிச்சந்திர நாடகமோ ஆட வேண்டுமாயின், அக்காலத்தில் நம் பெரியோர் எழுத்தில் எதுவும் கேட்டதில்லை. துரையின் பங்களா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். அவர் தலையை அசைத்தால் கூத்து உண்டு, அசைக்காவிட்டால் இல்லை. எளிது, விரைவு, செலவும் இல்லை. ஆயினும் அது உரிமையன்று, கருணை. அவர் மறுத்ததற்குக் காரணம் கேட்பவன் மறுநாள் வேலையில் இருக்க மாட்டான். பாரத்துக்கோ தேதி உண்டு, எண் உண்டு, நகல் உண்டு. "இன்ன நாளில் கொடுத்தேன், இன்னும் விடை இல்லை" என்று சொல்ல முடியும். ஆதலால் பாரம் என்பது உரிமையின் முளை என்றே நாம் மதிக்கிறோம். அந்த முளையைத் தழைக்க விடாமல், பழைய துரையின் தலையசைப்பையே காகிதத்துக்குள் ஒளித்து வைப்பதைத்தான் கண்டிக்கிறோம். இந்நாட்டு அரசாங்கக் கடிதங்களின் அடியில் 'கட்டளைக்குப் பணிந்து நடக்கும் நான்' என்னும் பொருளுள்ள மலாய் வாசகம் நெடுங்காலம் வழங்கிற்று. 2018-இல் ஆட்சி மாறிய பின், 'ஒப்படைத்த பொறுப்பை நிறைவேற்றும் நான்' என்று பொருள்படும் வாசகத்தை அதற்குப் பதிலாகப் புகுத்தினர். இரண்டு வாசகங்களுக்கும் உள்ள தூரம் பெரிது. முன்னதில் உத்தியோகஸ்தர் மேலே பார்க்கிறார்; பின்னதில் எதிரே நிற்கும் மனிதனைப் பார்க்கிறார். வாசகம் மாறினால் மட்டும் போதாது. பார்வையும் மாற வேண்டும்.

எவரையும் கேளாமல் தாமே இடம் தேடிக்கொண்ட தமிழ்நாட்டு உதாரணம் ஒன்று உண்டு. சென்னைச் சித்திரப் பள்ளி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் வைத்தியர் தொடங்கியது. நம் நாட்டுச் சித்திரக்காரரான சையத் தாஜுதீனும் அங்கே பயின்றவரே. 1957-இல் அதன் தலைமையை ஏற்ற கே. சி. எஸ். பணிக்கர், படித்து வெளியேறிய மாணவர்கள் வயிற்றுக்காகச் சித்திரத்தையே கைவிடுவதைக் கண்டார். சபையொன்று அமைத்து, மாணவர்களும் ஆசிரியர்களும் பத்திக் துணி முதலிய கைப்பணிகளைச் செய்து விற்றனர். அப்பணத்தைக் கொண்டு 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல் நிலத்தை வாங்கிக் குடிசை கட்டினர். அதுவே சோழமண்டலம் ஓவியர் கிராமம். தம் கைப்பணியால் வாங்கிய நிலத்தில் தமக்கு வேண்டியதை வரைந்தனர். நோக்கம் என்னவென்று ஓரிரு வரியில் எழுதிக் காட்டவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸிலும் இதற்கு ஒப்பான முயற்சி உண்டு. 1981-இல் தொடங்கிய டெம்பிள் ஆப் பைன் ஆர்ட்ஸ் என்னும் கலாலயம் அன்னலட்சுமி என்னும் உணவகத்தையும் கூடவே நடத்துகிறது. அங்கே அடுப்பும் ஆட்டமும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

ஆனால் இவ்வுதாரணங்களைக் காட்டி, 'நீங்களும் போய் நிலம் வாங்குங்கள்' என்று மாணவர்களுக்கு உபதேசிப்பது நேர்மையாகாது. 1966-இல் ஈஞ்சம்பாக்கம் ஊருக்கு வெளியே கிடந்த மணல். இன்றைய பிரிக்பீல்ட்ஸோ பெரிய ரயில் நிலையத்தின் வாசல். துணி விற்றுச் சேர்த்த காசு அங்கே ஒரு வாசற்படிக்கும் போதாது. ஆதலால் சோழமண்டலத்தினின்று நாம் கற்கவேண்டியது நிலம் வாங்குவதையன்று. தனித்தனியே மனுப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரு சங்கமாகக் கூடினார்கள். கலையைப் பிறர் தரும் பிச்சையாக எண்ணாமல் தம் உழைப்பாக எண்ணினார்கள். அவ்விரண்டுமே நாம் கற்கவேண்டியவை.

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரின் வரலாற்றை எண்ணிப் பார்க்கும்போது நமக்கு ஒரு வருத்தம் உண்டாகிறது. 1881-இல் தீயும் வெள்ளமும் மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன கோலாலம்பூரை அழித்தன. அதன்பின் வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலுமே கட்ட வேண்டுமென்று ஸ்வெட்டன்ஹாம் என்னும் ஆங்கில ரெசிடெண்டு உத்தரவிட்டார். செங்கல் சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். நகரத்துக்கே சுவர் கொடுத்த இடம் அது. 2010 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதம மந்திரிகள் வந்து அதனை 'லிட்டில் இந்தியா' என்று திறந்து வைத்தனர். வளைவும் நீரூற்றும் வண்ணத் தூண்களும் வந்தன. அவற்றையெல்லாம் பார்க்கும் நம் வாலிபன், தான் வரைவதற்கு ஒரு சுவர் வேண்டுமென்று கேட்டால் மட்டும் யாரைப் பார்ப்பது என்று எவருக்கும் தெரிவதில்லை.

அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லிக் கையைக் கழுவிக்கொள்வது சீர்திருத்தக்காரருக்கு அழகன்று. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தமிழர் பணத்தால் எழுந்த மண்டபங்கள் உள்ளன. கலியாணத்துக்கு அவை திறக்கின்றன. பிரமுகருக்குப் பொன்னாடை போர்த்தத் திறக்கின்றன. களிமண்ணும் கித்தானும் தூக்கிக்கொண்டு வரும் மாணவனைக் கண்டால், 'தரை பாழாகும்', 'பொறுப்பு யார்', 'கமிட்டி கூட வேண்டும்' என்று நாமும் ஒரு பாரத்தை, அச்சிடாத பாரத்தை, நீட்டுகிறோம். தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது கூத்தாடிய திடலும் போயிற்று. லயத்து முற்றமும் போயிற்று. அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கு முற்றம் என்பதே தெரியாது. அவனுக்கு இடம் கொடாத சமூகம், அவன் தெருமுனையில் நின்று கெட்டுப் போகிறான் என்று மேடையில் முழங்குவது என்ன நியாயம்?

ஆகவே நாம் வேண்டுவன சில. ஒவ்வொரு நகர மன்றமும், இடம் கேட்டு வரும் மாணவர்களுக்கென ஒரே மேசையை வைத்து, மற்ற இலாகாக்களின் கடிதங்களை அம்மேசையே வாங்கித் தர ஏற்பாடு செய்க. விடை தர ஒரு நாளெல்லை விதித்து, மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தருக. வெற்றுக் கட்டடங்களின் பட்டியலை எவரும் பார்க்கும்படி வெளியிடுக. இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு கிராணியும் ஒரு பேரேடும் போதும். மாணவர்களுக்கு நாம் சொல்வது: சங்கமாகச் சேருங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், கொடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், அனைத்துக்கும் மேலாக, நோக்கம் என்னும் வரியில் உண்மையை எழுதுங்கள். மறுத்தாலும், மறுத்தது உங்கள் உண்மைச் சித்திரத்தை என்பதாவது பதிவில் நிற்கும்.

நம் மண்டபங்களின் கமிட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. வரும் ஆண்டுப் பொதுக் கூட்டத்தில், ஆண்டுக்கு ஒரு மாதம் ஓர் அறையை இளங்கலைஞர்களுக்கு வாடகையின்றி விடுவதென ஒரு தீர்மானத்தைக் கொண்டு வாருங்கள். தரை அழுக்கானால் மாணவர்களே கழுவித் தருவார்கள். இக்கட்டுரையைப் படிக்கும் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் அத்தீர்மானத்தை முன்மொழியவோ வழிமொழியவோ கடமைப்பட்டவர் என்பது நம் அபிப்பிராயம்.